அடுப்பு இருக்கிற ரூம்

ஆரணி பட்டுக்கடையில் டிராவல்ஸ்காரர் வரைபடத்தை விரித்ததும் கடையை நடத்தும் தசரதன் முந்திக்கொண்டார். அதிக விற்பனைக்காகச் சரிகைக் கம்பெனி கொடுத்த பரிசு அது. இருவருக்கு மத்தியதரைக் கடலோரம் மூன்று நாட்டுப் பயணம்.

“இத்தாலி, கிரீஸ், துருக்கி. இதான் ரூட்டு.”

“நானும் ஒரு ஊரு சொல்லலாங்களா?” என்றாள் மனைவி ஜெயம்.

“உனக்கு இன்னா தெரியும்? சும்மா இரு. சார், ஹோட்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்காது. எல்லா ஊர்லயும் அடுப்பு இருக்கிற ரூமா போடுங்க. இவ சமைச்சிடுவா.”

ஜெயத்துக்கு உச்சந்தலை வரை எரிந்தது. போளூரைத் தாண்டாத தன்னை ரோமாபுரியிலும் குழம்பு வைக்கச் சொல்கிறாரே!

“மூஞ்சைத் தூக்கி வெச்சிகினு பேஜார் பண்ணாத,” என்று அதட்டினார் தசரதன்.

டிராவல்ஸ்காரர் தயங்கினார். “சார், பரிசு கடை ஓனருக்கும், அவங்க கூட்டிகினு போற ஒருத்தருக்கும்தான். கடை லைசென்ஸ்ல ஓனர்னு ஜெயம் மேடம் பேருதான் இருக்குது.”

“வரி கம்மியாவும்னு நான்தான்யா இவ பேரைப் போட்டேன்!”

ஜெயம் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

“ஊரெல்லாம் அப்பறம் சொல்றேங்க. மொதல்ல பேரை எழுதிக்குங்க. என்கூட வர்றது என் தங்கச்சி பரிமளா.”