மஞ்சள் லைட்டே போதும்

"வெள்ளை லைட் ஒண்ணுகூட பாத்ரூமுக்குள்ள வரக்கூடாது. எல்லாம் மஞ்சள்தான்!"

மெர்வ் இப்படி அடித்துச் சொன்னதும் எலெக்ட்ரீஷியன் லாக்லன் டேப்பைச் சுருட்டிக்கொண்டான். ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ நகரத்தில் பன்னிரண்டு வருஷமாக ஒயரிங் வேலை பார்க்கிறான். இப்படியொரு பிடிவாதத்தைப் பார்த்ததில்லை.

"மெர்வ், கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் வெள்ளையா வெச்சாத்தான் முகம் தெளிவாத் தெரியும். ஷேவ் பண்ண உங்களுக்கும் வசதி."

"நாப்பத்தாறு வருஷமா அழுதுவடியற ஒரே பல்புலதான் ஷேவ் பண்றேன். மூக்கு இன்னும் இருக்கு பாரு."

"அதான் பாத்ரூம் குகை மாதிரி கிடக்கு!" என்று பாய்ந்தாள் அவர் மனைவி கிளெனிஸ். "போன குளிர்காலத்துல நான் வழுக்கி விழுந்தது மறந்துபோச்சா? பளிச்சுனு வெள்ளை லைட்தான் வேணும் தம்பி."

"தரை தெரியறதுக்கு எத்தனை லைட் வேணும்னாலும் வைக்கட்டும். ஆனா மஞ்சள். உன் மூஞ்சியை வெள்ளை வெளிச்சத்துல எவன் பார்க்கறது?"

"பேச்சைப் பாரு! வீட்டுக்குள்ளயும் கூலிங் கிளாஸ் மாட்டிக்கிட்டுத் திரியறதுக்குக் கண்ணு கூசுதுன்னு ஒரு சாக்கு. பெரிய ஹீரோன்னு நினைப்பு!"

துணி எடுக்கிற கூடையுடன் அவள் விடுவிடுவென்று கொல்லைப்புறம் போனாள். ஒரு லைட் விஷயத்தில்கூடப் பெண்டாட்டியை ஜெயிக்கவிடாத கிழவன் என்று லாக்லனுக்கு எரிச்சலாக வந்தது.

மெர்வ் கதவைச் சாத்தினார். கூலிங் கிளாஸைக் கழற்றினார். கண்ணின் வெள்ளை முழுவதும் மஞ்சளாக இருந்தது.

"கணையத்துல கட்டி, அதான் இந்தக் காமாலை. கை மீறிப்போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"ஐயோ... கிளெனிஸுக்கு?"

"தெரியாது. ஆனா முப்பது வருஷம் நர்ஸா இருந்தவ. வெள்ளை வெளிச்சத்துல என் தோலை ஒரு தடவை பார்த்தாப் போதும், கண்டுபிடிச்சிடுவா. கிறிஸ்துமஸுக்கு மக பெர்த்லேர்ந்து கைக்குழந்தையோட வர்றா. பேரனை முதல்முதலாப் பார்க்கப் போறோம். அந்த ஒரு நாள் அவ அழாம சாப்பிடணும் தம்பி."

லாக்லன் கொண்டுவந்திருந்த ஒரு லைட்டைத் திருப்பிக் காட்டினான். "இந்த லைட்டுக்குப் பின்னாடி சின்ன சுவிட்ச் ஒண்ணு இருக்கு. இப்போ மஞ்சள்ல விடறேன். வேணும்கிறப்போ வெள்ளைக்கு மாத்திக்கலாம்."

"ஜனவரியில நீயே வந்து மாத்திக் குடுத்துடு. அவ ஏணியில ஏறக் கூடாது."

சாமான் எடுக்க வண்டிக்குப் போனான் லாக்லன். கிளெனிஸ் கூடையோடு பின்னாலேயே வந்தாள்.

"என்ன கலர் போடப்போறே?"

"மஞ்சள்தான், கிளெனிஸ். மன்னிச்சுக்கங்க."

"அப்பாடா!" என்றாள் அவள்.

"நீங்கதானே வெள்ளை வேணும்னு அந்தச் சண்டை போட்டீங்க?"

"கல்யாணமான நாள்லேர்ந்து அந்த மனுஷன் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசியிருக்கேன். இதுக்கு மட்டும் சரின்னு சொன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கண்டுபிடிச்சிட மாட்டாரா?"

லாக்லன் கையில் எடுத்த சாமானை வண்டியிலேயே திரும்ப வைத்தான்.

"போன மாசம் துணி காயப்போட்டுக்கிட்டிருந்தப்போ நல்ல வெயில்ல பக்கத்துல வந்து நின்னார். கண்ணுல மஞ்சளை அப்பவே பார்த்துட்டேன். மறுநாள்தான் கூலிங் கிளாஸ் வாங்கிட்டு வந்தார். கிறிஸ்துமஸ் வரைக்குமாவது என்னை ஏமாத்திட்டோம்னு நிம்மதியா இருக்கட்டும், பாவம்."

கூடையிலிருந்த துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு வீட்டைப் பார்த்துத் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"ஏய் மெர்வ்! இந்தத் தடவையும் உன் பிடிவாதம்தான் ஜெயிச்சுது! அந்தக் குகையிலேயே கிட, போ!"

உள்ளேயிருந்து மெர்வ் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது.