பத்தாம் வருஷச் செக்கப்

"சட்டை மாட்ட முடியுதுங்களா?"

"ஜம்முனு முடியுதுங்க."

"தலை சீவ?"

"சீவறதுக்கு முடிதானுங்க இல்லை."

டாக்டர் நந்திதா சிரிக்காமல் 'சிரமமில்லை' கட்டத்தில் டிக் அடித்தார்.

சோமனூர் பாலுசாமிக்கு, தறியில் மாட்டும் கனமான பாவு நூல் உருளையை, பாவு பீமை, தூக்கப்போய் வலது தோளில் தசைநார் கிழிந்தது. சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுத் தைத்தவர் நந்திதாதான். பத்து வருஷம் ஆகிவிட்டது. அப்போது தைத்த தோள்களெல்லாம் இப்போது எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தலைக்கு மேலே இருக்கற பொருளை எடுக்க முடியுதுங்களா?"

"எங்கூட்டுல தலைக்கு மேல ஒண்ணுமே இல்லீங்களே!" பாலுசாமி பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியைக் காட்டினார். "ஆபரேஷன் எனக்கு. கை தூக்க முடியாதது செல்லாத்தாளுக்கு! தோள் வலின்னு சொல்லிப்போட்டு சாமி படம், கண்ணாடி, சட்டை மாட்டற ஆணி எல்லாத்தையும் நெஞ்சு மட்டத்துக்கு இறக்கிப்போட்டா. எட்டு வருஷமா சொந்தக்காரங்க வந்து சிரிச்சுட்டுப் போறாங்க. வெறும் சோம்பேறித்தனமுங்க!"

செல்லாத்தாள் தலையைக் குனிந்துகொண்டாள். நந்திதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலுசாமியை ஸ்கேனுக்கு அனுப்பினார்.

அரை மணியில் படம் கம்ப்யூட்டருக்கு வந்தது. தைத்த இடம் விட்டுப்போயிருந்தது. நேற்று இன்று அல்ல, பல வருஷமாக.

"ஏம்மா, இந்தத் தோளை வெச்சுக்கிட்டு இவர் எப்படிச் சமாளிச்சார்?"

செல்லாத்தாள் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"ரெண்டாம் வருஷமே கை மேல போகலீங்க. அவரு கவனிக்கறதுக்குள்ள எல்லாத்தையும் இறக்கிப்போட்டேன். ஆபரேஷனே வேண்டாம்னவரை அழுது அடம்பிடிச்சுக் கூட்டியாந்தவ நானுங்க. இது தெரிஞ்சா மனசு விட்டுப்போயி தறிக்குடோனைப் பூட்டிப்போடுவாரு. தயவுசெஞ்சு சொல்லிப்போடாதீங்க."

"அப்போ உங்க தோள் வலி?"

செல்லாத்தாள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக் கும்பிட்டாள்.

பாலுசாமி சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்தார். செல்லாத்தாள் மாத்திரை வாங்கிவரப் போனாள்.

"தோள் நல்லாயிருக்கு" என்றார் நந்திதா, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. "ஆனா இனிமே அந்தம்மாவைத் திட்டாதீங்க."

"பொய் சொல்லாதீங்க டாக்டரம்மா. விட்டுப்போனது எனக்குத் தெரியாதுங்களா? என்ற தோளுதானுங்களே."

நந்திதா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒருநாள் நேரமே ஊட்டுக்கு வந்தேனுங்க. கொல்லையில ரெண்டு கையையும் தூக்கி, தொரட்டி போட்டு முருங்கைக்காய் பறிச்சுட்டிருந்தா. சத்தம் காட்டாம திரும்பிப் போயிட்டேன்."

"எல்லாம் தெரிஞ்சுமா அவங்களை இந்தத் திட்டு திட்டறீங்க?"

பாலுசாமி வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தார்.

"ஆபரேஷனுக்கு இழுத்துட்டு வந்தவ அவ. கை போனது எனக்குத் தெரியும்னா, தன்னாலதான்னு உட்கார்ந்து அழுவாளுங்க. திட்டறதை நிறுத்தினா கண்டுபிடிச்சுருவாளுங்களே!"