என் வயதுக் கல்

“இந்தக் கல்லுக்கு என்ன வயசு, சொல்லு பாப்போம்?” என்று அப்பா ஒருமுறை கேட்டார். நான் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

“உன் வயசுதான்டி. நீ பொறந்த அன்னைக்கு எரிமலைக் குழம்பு உறையறப்போ பக்கத்துலயே நின்னேன்.” எப்போதும்போல் வாயில் கிராம்பு.

ஆஸ்பத்திரிக்கு வராததற்கு அது ஒரு சாக்கு என்பாள் அக்கா. அப்பா இறந்த பிறகு, தன் ஆய்வகத்தில் அந்தக் கல்லில் ஒரு துண்டை உருக்கி, வயது ஏற ஏற கல்லுக்குள் சேரும் ஆர்கான் வாயுவை அளந்தாள். கருவி பத்து லட்சம் ஆண்டுகள் என்றது.

“பாத்தியா, நல்லா காது குத்தியிருக்கார்!”

“உறையும்போது பழைய வாயு உள்ள மாட்டிக்கிட்டா வயசு கூடிக் காட்டும்னு நீதானேக்கா சொன்னே?”

மிச்சக் கல்லையும் உருக்கினாள். குழாய்கள் இறுக மூடியிருந்தன. எதுவும் வெளியே கசியாது. அறை முழுக்கக் கிராம்பு மணத்தது.

கருவியைக்கூட அணைக்காமல் அக்கா வெளியே போனாள்.