தொட்டதும் வந்த கன்று

“யாரது? இலை மேல கை வெச்சா கையை முறிச்சிடுவேன்!”

இரண்டாம் மாடி பேங்க்காரம்மாவின் குரல் படிக்கட்டெல்லாம் உருண்டு இறங்கியது. அவள் வாசலில், வெயிலே படாத மூலையில், ஒரு தொட்டி. விசிறி விசிறியாய் இலை. ஒவ்வொன்றிலும் தூரிகையால் இழுத்தது மாதிரி வெள்ளை வரிகள். பக்கக்கன்று ஒன்று கேட்ட எதிர்வீட்டுக்காரிக்குத்தான் இந்த அர்ச்சனை.

“எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டா!” என்றாள் கீழ்வீட்டு டெய்லரக்கா. அதோடு விட்டாளா? அந்தக் குரலையே மூக்கால் பேசிக் காட்டினாள். துணி கொடுக்க வந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஆனால் அக்காவுக்கும் அந்தச் செடி மேல் ஒரு கண். அவள் தைக்கும் அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். ரோஜா, செம்பருத்தி, வைத்ததெல்லாம் வெளுத்துப் போய்ச் செத்தன. இதுவோ நிழலிலேயே கொழிக்கிற ஜாதி.

கேட்டு வாங்கலாமே? அக்காவா! கொட்டுகிற மழையில் குடையை நீட்டினாலும் “வேண்டாங்க” என்று நனைந்துகொண்டே போகிற ரகம். யாரிடமும் கைநீட்டியதில்லை என்பதுதான் அவள் சேர்த்த சொத்து.

ஒரு மதியம், ஆளில்லாத நேரம் பார்த்துப் படியேறினாள். தொட்டி ஓரத்துக் கன்றைத் தொட்டாள். தொட்டதும் வேரோடு கையில் வந்துவிட்டது! துணியில் சுருட்டிக்கொண்டு இறங்கும்போது நெஞ்சு தையல் மிஷினாய் ஓடியது.

அப்புறம் வளர்த்தாளே, அது வளர்ப்பு! மருந்து வாடை போகக் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் பிடித்து வைத்துத்தான் ஊற்றுவாள். வெட்டுத்துணியை நனைத்து இலை இலையாகத் துடைப்பாள். நாலே மாதத்தில் பதினொரு இலை. “என்னக்கா, ராணி மாதிரி நிக்குது!” என்று யாராவது சொன்னால் போதும், அன்றைக்குத் தையல் கூலியில் தள்ளுபடி.

ஒருநாள் பேங்க்காரம்மாவே வந்து நின்றாள். சட்டையில் கை லூஸாம். ஒளிக்க நேரமில்லை.

“அடேயப்பா! எங்க வாங்கினீங்க?”

“நர்சரியில...”

பொய் சொன்னால் மானம் தப்பும். ஆனால் பொய் வரவில்லை.

“வாங்கலை மேடம். உங்க தொட்டியிலேர்ந்து திருடினேன். எடுத்துட்டுப் போயிடுங்க.” இரண்டு கையாலும் தொட்டியைத் தூக்கி நீட்டினாள்.

பேங்க்காரம்மா வாங்கவில்லை. இலையை ஒற்றை விரலால் நீவினாள். பெற்ற பிள்ளை பரிசு வாங்கியது மாதிரி ஒரு பூரிப்பு முகத்தில்.

“என்னோடதுகூட இப்படிப் பளபளன்னு இல்லை.”

“திட்டுங்க மேடம்!”

“எதுக்கு? தாய்ச்செடியிலேர்ந்து கத்தியால பிரிச்சு, மண்ணை இளக்கி, தொட்டதும் வர்ற மாதிரி வெச்சதே நான்தானே!”

அக்கா தொட்டியை மிஷின் மேல் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“பின்னே? மொட்டைமாடிக்குப் படியேறும்போதெல்லாம் அதுகிட்ட நின்னு நின்னு பாப்பீங்க. குடுத்தா வாங்கமாட்டீங்க, கேக்கவும் மாட்டீங்க. நீங்க வர்ற வரைக்கும் மத்தவங்களை விரட்டி விரட்டி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு. ஏங்கக்கா, ஒரு கன்னு திருட ஒன்பது நாளா எடுத்துக்குவாங்க?”