ஆறு மணிக்கு உறைந்துபோகும் வீடு

"நீங்க மூணாவது மெக்கானிக். முன்னாடி வந்த ரெண்டு பேரும் இந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் கடாசச் சொல்லிட்டுப் போயிட்டாங்க. என் வீட்டுக்காரி எங்கயோ விசாரிச்சு உங்களைப் பிடிச்சிருக்கா" என்றார் பெரியவர்.

மெக்கானிக் பெட்டியைத் திறந்தான். விசிறியில் அப்பியிருந்த தூசியைத் தட்டினான். பெரியவர் ஆடும் வீடு கட்டும் கேமைத் திறந்து, படத்தில் நிழல்களைக் குறைத்தான். மரங்களில் பாதியை எடுத்தான்.

சின்ன வேலைதான். ஆனாலும் திருகாணி இரண்டு தடவை கை நழுவி விழுந்தது.

திரையில் ஒரு வீடு. ஊருக்கெல்லாம் வீட்டு பிளான் போட்டுப் போட்டே தலை நரைத்தவர் அல்லவா, தான் குடியிருக்கும் வீட்டையே அங்குலம் பிசகாமல் கேமுக்குள் கட்டி வைத்திருந்தார். உள்ளே அவர் சாயலில் ஒரு பொம்மை பேப்பர் படித்தது. அவர் மனைவி சாயலில் இன்னொன்று செடிக்குத் தண்ணீர் ஊற்றியது.

கேமின் கடிகாரம் ஐந்தரையைத் தாண்டியதும் படம் திக்கித் திணறியது. ஆறு மணிக்கு அப்படியே உறைந்தது.

"பாத்தீங்களா? தினமும் இதே கூத்து. கிழட்டுப் பெட்டி, என்னை மாதிரியே சாயங்காலம் ஆனா தாங்காது."

மெக்கானிக் மறுபடி தொடங்கினான். இந்தத் தடவை படத்தை நகர்த்தி வாசல் பக்கம் கொண்டுபோனான்.

வாசலில் மஞ்சள் உடுப்பில் ஒரு பெண் பொம்மை. தோளில் பை. முன்கதவைத் தொட்டாள். திறக்கவில்லை. பின்கதவுக்கு ஓடினாள். ஜன்னல்களைச் சுற்றினாள். மறுபடி முன்கதவு.

"பெட்டி மேல தப்பில்ல சார். இவங்களுக்கு மட்டும் கதவைப் பூட்டி வச்சிருக்கீங்க. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர வழி தேடிக்கிட்டே இருக்காங்க. அந்த வழியைக் கணக்குப் போட்டே கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுது. ஒண்ணு, இவங்களை அழிக்கணும். இல்ல, கதவைத் திறக்கணும்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

பெரியவர் சுவரைப் பார்த்தார். அங்கே ஆணி மட்டும் இருந்தது. மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன அன்று, அவள் படத்தை அவரே கழற்றியிருந்தார். இரண்டு வருஷம் ஆகிறது.

"அழிச்சிடவா சார்?" மெக்கானிக் மவுஸை அந்தப் பெண் மேல் கொண்டுபோனான்.

"சும்மா இருங்க!"

மவுஸை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். முன்கதவின் மேல் அழுத்தினார். பூட்டை எடுத்தார்.

பெண் உள்ளே வந்தாள். பையை இறக்கி வைத்தாள். கடிகாரம் ஏழு காட்டியது, எட்டு காட்டியது. படம் ஒரு தடவைகூடத் திக்கவில்லை.

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் ஒரு ஆளைச் சேர்த்தா இந்தப் பழைய பெட்டி தாங்குமா?"

"தாராளமா தாங்கும் மாமா."

சொன்ன பிறகுதான் மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டான். 'சார்னே கூப்பிடு, உளறி வச்சிடாதே' என்று அவன் மனைவி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

பெரியவர் அவன் பக்கம் திரும்பவில்லை. கேமில் புது ஆளுக்கு முகம் செய்யும் பக்கத்தைத் திறந்தார்.

"அப்போ கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க மாப்பிள்ளை. மூக்கு சரியா வரணும்."