இடது தோளில் ஒரு துவக்கு

அம்பிட்டிய வீட்டின் சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்து, அப்பப்பாவின் இரட்டைக்குழல் துவக்கைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார் மர்சூக் நானா. கெலிஓயாவில் துவக்கு வாங்கி விற்பவர். மழை விட்ட வெயில் யன்னல் வழியே விழுந்து, எண்ணெய் துடைத்த குழலின் அடியில் சின்னதொரு கிரீடத்தைக் காட்டுகிறது. "ஜெர்மன் முத்திரதான். வெள்ளக்காரன் காலத்துச் சாமான், நல்ல வெல போகும்" என்கிறார். அதை விற்றுக் கூரை மாற்ற நினைத்திருக்கும் கௌசிகனின் முகம் மலர்கிறது. விற்க வேண்டாமென்று ஒரு கிழமையாகக் கெஞ்சிய தங்கை கஜாலினி, தேநீர்த் தட்டோடு கதவருகிலேயே நின்றுவிடுகிறாள். நானா குழலைப் பூட்டி, துவக்கை வலது தோளில் ஏற்றிக் கன்னத்தைச் சாய்க்கிறார், சாய்த்தவர் நெளிகிறார். கன்னம் பதிய வேண்டிய மரமேடு மறுபக்கம் இருக்கிறது. "இது இடக்கைக்காரருக்குச் செஞ்சது தம்பி. பாதி வெலயும் தேறாது."

"அப்பப்பா இடக்கையோ? ஒருத்தரும் சொல்லேல்லையே" என்கிறான் கௌசிகன். கஜாலினி தட்டை வைத்துவிட்டு இடது கையை நீட்டுகிறாள். சோற்றுக்கு நீளும்போதெல்லாம் அம்மா தட்டிவிடும் கை. துவக்கு அவள் இடது தோளில் ஏறுகிறது. வழவழப்பான மரமேடு, குளிர்ச்சியாக, அவள் கன்னத்தில் அப்படியே பொருந்துகிறது. "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி ஈக்கிதே" என்று நானா சிரிக்கிறார். அவள் கண்ணை இடுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறாள். எதிர்க்கதிரையில் இருக்கும் கௌசிகன், தன்னையே பார்க்கும் இரண்டு குழல்களையும் மாறி மாறிப் பார்க்கிறான்.

"சரியடி, விக்கேல்லை. முதல்ல அதை அங்கால திருப்பு."