பவுடர் போடாத முகம்

“கொஞ்சம் பவுடராவது பூசிக்கடி, மூஞ்சி கரிச்சட்டி மாதிரி…”

“பூசக்கூடாதுன்னு கண்டிஷனா சொல்லிக்கீறாங்கம்மா, உனுக்கு எத்தினி தபா…”

“பவுடர் போடாத ஹீரோயின் எந்த ஊர்லடி கீது?”

ஷேர் ஆட்டோவில் மற்றவர்கள் திரும்பிப் பார்க்க, தாயும் மகளும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். பொன்னியம்மாள் கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து இரும்புலியூரில் விற்கிறவள். மகள் சரிதா தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் இருந்தாள். கவுன்ட்டரில் நிறுத்த ஆள் பளிச்சென்று இல்லை என்று வருஷக்கணக்காகக் குடோனிலேயே வைத்திருந்தார்கள். அந்த வேலையை நேற்றுதான் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

குப்பத்துக்கு வந்த சினிமாக்காரர்கள்தான் காரணம். விண்வெளியில் நடக்கிற பெரிய சண்டைப் படமாம், கோடி கோடியாகச் செலவாம். பெண்களை வெயிலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, இந்த நிறமும் இந்த முகமும்தான் வேண்டும் என்று சரிதாவைக் காட்டினார்கள். பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

“நம்ம கலர்ல ஒருத்தி ராக்கெட் ஓட்றத குப்பத்துப் புள்ளைங்க பாக்கட்டும்மா. அப்பால எவன் என்னைக் குடோனுக்கு அனுப்புவான்?” என்றாள்.

பொன்னியம்மாள் பவுடர் டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அவர்கள் போய் இறங்கிய இடம், பம்மலில் மூடிப்போன ஒரு பழைய தோல் ஷெட். கறுப்புத் திரை கட்டி ஸ்டுடியோவாக்கியிருந்தார்கள். ஏசி ஓடியும் தோல் பதனிட்ட நாற்றம் சுவரை விட்டுப் போகவில்லை. நடுவில் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு கூண்டு, அதைச் சுற்றிக் கேமராக்கள். சரிதா உள்ளே போய் நின்றதும் எல்லாம் ஒன்றாக மின்னின.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கிரீஷ், காட்டாங்குளத்தூரில் படித்துவிட்டு வந்த தன்மையான பிள்ளை. முறைக்கச் சொன்னான். பல்லைக் காட்டச் சொன்னான். தொண்டை கிழிய அலறச் சொன்னான். வசனம் எப்போது என்று அவள் கேட்டதற்கு, வசனம் எதுவும் எழுதித் தரவில்லையே அக்கா என்றான்.

பிறகு கூண்டை விட்டு வெளியே வந்து விழச் சொன்னான். மல்லாக்க ஒருமுறை, குப்புற ஒருமுறை, முழங்காலில் சரிந்து ஒருமுறை. விழுந்த பிறகு கண்ணை மூடாமல் அப்படியே கிடக்க வேண்டுமாம்.

பொன்னியம்மாள் ஓடிவந்து மகளின் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள். “ஏந்திரிடி. அண்ணங்காரன் மீன் புடிக்கப் போயி கடல்ல கீறான். வூட்டுப் பொண்ணு இப்டி பொணமாட்டம் கெடக்கலாமா?”

“சண்டைப் படம்னா ஹீரோயினும் அடிபட்டுத்தாம்மா ஏந்திரிப்பா. கம்முனு குந்து,” என்றாள் சரிதா, தரையில் கிடந்தபடியே.

எல்லாம் முடிந்ததும், பார்க்கிறீங்களா என்று கிரீஷ் திரையைத் திருப்பினான். செக்கச் செவேலென்று ஒரு பாலைவனம். அதில் இரும்புக் கவசம் பூண்டு, பவுடர் போடாத முகத்தோடு சரிதா நின்றாள். அவளுக்குப் பின்னால் வானம் தொடுகிற இடம் வரைக்கும் ஒரு படை, புள்ளி புள்ளியாக.

சரிதா அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். பொன்னியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையில் கரிச்சட்டி என்று சொன்ன முகத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

“பின்னாடி நிக்கிற அத்தினி பேரும் யாரு தம்பி, எம் பொண்ணோட ஆளுங்களா?”

கிரீஷ் படத்தைப் பெரிதாக்கினான். புள்ளிகளெல்லாம் முகங்களாயின.

“எல்லாமே அக்காதாம்மா. நாளைக்கு ஹீரோயின் வந்து இவங்க எல்லாரையும் சுடுவாங்க.”